டாலரை விடுங்கள், கன மீட்டரைப் பிடியுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் மரவாடி வைத்திருக்கிறேன். அறுத்த பைன் மரத்தை நேரடியாக இறக்குமதி செய்ய எண்ணம். எந்த நாடு வருஷா வருஷம் சீராக ஏற்றுமதி செய்கிறது என்று 1990 முதல் ஒப்பிட்டேன். ஒரு பட்டியலில் ஏறும் நாடு இன்னொன்றில் இறங்குகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு பட்டியலும் சரியாகவே இருக்கலாம். எந்த அளவில் கணக்குப் போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். உங்கள் வாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டுக் கட்டைக்குச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி போடுகிறோம். அப்படி வருவது கட்டையின் உண்மையான கன அளவில் சுமார் 78.5 சதவீதம்தான். அறுத்த சைஸ் மரத்துக்கோ அகலம், கனம், நீளம் அளந்து போடுகிறோம். இரண்டையும் கன அடி என்றுதான் சொல்கிறோம். ஒரே வாடிக்குள்ளேயே இப்படியென்றால், நாடுகளுக்கு இடையே கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘போர்டு ஃபுட்’ கணக்கு. 12 போர்டு ஃபுட் ஒரு கன அடி. ஆனால் அங்கே ‘2-க்கு 4’ என்று விற்கும் இழைத்த மரத்தை டேப் வைத்து அளந்தால் ஒன்றரை அங்குலமும் மூன்றரை அங்குலமும்தான் இருக்கும். 8 சதுர அங்குலம் என்று பெயர், கையில் இருப்பது 5.25. ஆயிரம் போர்டு ஃபுட் என்றால் காகிதத்தில் 2.36 கன மீட்டர். அந்த சைஸில் உண்மையான மரம் சுமார் 1.55 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது!

டாலர் பட்டியல் இன்னும் மோசம். 2021 மே மாதம் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்டு ஃபுட் விலை 1,600 டாலரைத் தாண்டியது. அந்த வருஷம் மதிப்பு ஏறியதைப் பார்த்து மரமும் அதே அளவு கூடுதலாகப் போனது என்று எண்ணிவிடாதீர்கள். எடைக் கணக்கும் வேண்டாம், பச்சை மரத்தில் பாதி தண்ணீர்.

ஆகவே ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளிவிவரத்தை எடுங்கள். 1961 முதல் கன மீட்டரில் இருக்கிறது. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரம் தனியே, மற்றவை தனியே. உங்களுக்கு வேண்டியது ஊசியிலை வரிசை மட்டும். சுங்கப் பட்டியலில் தேடினால் அறுத்த மரத்துக்கான 4407 என்ற எண்ணைப் பாருங்கள். 4403 உருட்டுக் கட்டை. அதைக் கலந்துவிடக் கூடாது. ரஷ்யா 2022 ஜனவரி முதல் ஊசியிலைக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்படித் தடை வந்தால் கட்டையாகப் போன மரம் அறுத்த மரமாகப் போகத் தொடங்கும். காடு பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை.

எல்லைகளும் மாறியிருக்கின்றன. 1991 வரை சோவியத் யூனியன் ஒரே கணக்கு. லாத்வியாவும் எஸ்தோனியாவும் அதற்குள் அடக்கம். உங்கள் ஒப்பீட்டை 1993-க்குப் பிறகு தொடங்குவதே நல்லது.

அப்புறம், எந்த வருஷத்தை அடிப்படையாக வைக்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோமே. அப்போது வந்த பலாக் கட்டையை வைத்து அடுத்த வருஷ வரத்தைக் கணிக்க முடியுமா? சுவீடனில் 2005 ஜனவரியில் ஒரே புயல் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. ஜெர்மனியில் 2018 வறட்சிக்குப் பிறகு பட்டை வண்டு பிடித்த ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டியே தீர வேண்டியிருந்தது. கனடாவுக்கு 2009 படுமோசம். அதன் பெரிய வாடிக்கையாளரான அமெரிக்காவில் வீடு கட்டும் வேலையே படுத்துவிட்டது. ஒற்றை வருஷத்தைத் தொடாமல் ஐந்து வருஷ சராசரியாகப் போட்டுப் பாருங்கள்.

ரஷ்யாவுக்கு மட்டும் இன்னொரு வேலை உண்டு. 2022-ல் விரிவான சுங்கக் கணக்கை வெளியிடுவதை அந்நாடு நிறுத்தியது. சீனா போன்ற நாடுகள் காட்டும் இறக்குமதியிலிருந்துதான் அதன் ஏற்றுமதியைக் கூட்டி எடுக்க வேண்டும்.

சரி, சராசரி போட்டு ஒரு நாட்டைத் தேர்ந்துவிட்டீர்கள் என்றால், விலை கேட்கும் முதல் கடிதத்திலேயே இதையும் கேளுங்கள்: உங்கள் கன மீட்டர் பெயரளவு சைஸுக்கா, இழைத்துக் காய்ந்த பின் அளந்த சைஸுக்கா? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள்.