கூப்பிட்ட நேரமும் கேட்ட கேள்வியும்

அக்கா, வணக்கம்.

தொலைக்காட்சி அரசியல் விவாதங்களில் பெண்களையே காணவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கொழும்பில் இப்படியான நிகழ்ச்சி தயாரிக்கிற நண்பன் ஒருவன் எனக்கு இருக்கிறான். "கூப்பிட்டாலும் வருகிறார்கள் இல்லையே" என்று அவன் தலையில் கைவைக்கிறான். விசயம் தெரிந்த ஆள் பேசினால் போதாதா, ஆணா பெண்ணா என்று ஏன் பார்க்க வேண்டும்? உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு இருபத்தைந்து வீத இடம் கொடுத்து என்ன கண்டோம்? கணக்குக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இருத்துவது பெண்களுக்குத்தான் அவமானம். உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. காலம் போகப் போகத் தானாக மாறும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கணக்குக்கு ஆள் இருத்துவது அவமானம் என்று சொன்னீர்களே, அதில் நானும் உங்கள் பக்கம்தான். அந்த அவமானத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பிரதேச சபை உறுப்பினர் இருக்கிறார். ஒருநாள் பின்னேரம் நான் அவருடைய வீட்டில் இருந்தபோது தொலைக்காட்சி ஒன்றிலிருந்து போன் வந்தது. இரவு எட்டு மணிக்கு விவாதம், உள்ளூராட்சி சபைகளின் நிதி பற்றி, ஒரு பெண் உறுப்பினர் இல்லாமல் இருக்கிறது, ஸூமில் வர முடியுமா என்று கேட்டார்கள். அப்போது மணி நாலு. அவர் ஓமென்று சொல்லிவிட்டு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த ஊரில் யானை வேலி எவ்வளவு தூரம் பழுதாகிக் கிடக்கிறது, எந்தப் பாலம் மழைக்கு உடைந்தது, சபைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கிணற்றடியில் ஒரு கதிரையைப் போட்டு, அதன்மேல் மா டின்னை வைத்து, டின்னில் போனைச் சாய்த்து, பக்கத்தில் மகன் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற நாலு பேரும் ஆண்கள், மூன்று பேர் ஸ்டூடியோவிலேயே இருந்தார்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து அவருக்கு ஒரேயொரு கேள்வி வந்தது: "ஒரு பெண்ணாக அரசியலில் இருப்பது கஷ்டமாக இல்லையா?" அவர் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு யானை வேலிக்கு வந்தார். நேரம் போதாது என்று வெட்டிவிட்டார்கள். கொப்பி மடியில் திறந்தபடியே இருந்தது.

அடுத்த நாள் அந்தத் துண்டு வீடியோவின் கீழே ஃபேஸ்புக்கில் அவருடைய சீலையைப் பற்றி எழுதியிருந்தார்கள், புருசன் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நிதியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அடுத்த முறை போன் வந்தபோது அவர் போகவில்லை. இப்போது அந்தத் தயாரிப்பாளரும் உங்கள் நண்பனைப் போல "கூப்பிட்டோம், வரவில்லை" என்றுதான் சொல்லுவார். அது பொய்யும் இல்லை. ஆனால் எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், வந்தவரிடம் என்ன கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

விசயம் தெரிந்தவர் பேசட்டும் என்கிறீர்கள். சரி, நுண்நிதிக் கடனை எடுங்கள், ஏழைகளைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற சிறு கடன், ஊரில் கிழமை லோன் என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் கிழமை லோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கம் அறிவித்ததும் அந்தப் பெண்களுக்காகத்தான். அது பற்றி நான் பார்த்த ஒரு விவாதத்தில் நாலு ஆண்கள் ஒரு மணித்தியாலம் வட்டி வீதத்தைப் பற்றியே பேசினார்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் அதைக் கட்ட வேண்டும் என்பதும், அதனால் அடுத்தடுத்த வீட்டுக்காரர் முகம் பார்க்காமல் போனதும், லோன்காரன் பொழுதுபடும்வரை வாசலில் குந்திக்கொண்டு இருப்பதும் அந்த ஒரு மணித்தியாலத்தில் வரவே இல்லை. படித்தவர்கள்தான், ஆனால் இது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கடனில் விழுந்து எழும்பிய ஒரு பெண்ணோ, இந்தப் பெண்களோடு வருடக்கணக்காக வேலை செய்கிற ஒருவரோ அந்தக் கதிரையில் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் இப்படித்தான். 1951ஆம் ஆண்டுச் சட்டம், அதைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்கள் எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள், திரையில் என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அதைப் பற்றி ஆண்கள் பேசுவதுதான்.

இருபத்தைந்து வீதத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2016இல் சட்டம் வந்து 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள், அந்த ஒரு தேர்தலோடு இருபதைத் தாண்டினார்கள். கட்சிகள் வட்டாரங்களில் பெண்களுக்குப் பத்து வீத இடம் கொடுத்தால் போதும், வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடாதவர்களுக்கான மேலதிகப் பட்டியலில்தான் பாதி. அதனால் வந்தவர்களில் நிறையப் பேர் பட்டியல் வழியாக வந்தார்கள், அதை வைத்தே "பட்டியல் மெம்பர்" என்று சபையில் அவர்களை ஓரங்கட்டினார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதை அவர்களிடமே திரையில் கேட்க வேண்டும், படுவான்கரை அக்கா அதற்குத்தான் கொப்பியோடு இருந்தார்.

தானாக மாறும் என்ற கதையைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. சிறிமாவோ பிரதமரானது 1960இல். 2024இல் தெரிவான நாடாளுமன்றத்திலும் 225 பேரில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மட்டக்களப்பிலிருந்து 2004இல் தங்கேஸ்வரி கதிர்காமன் போனார், இந்த மண்ணின் வரலாற்றைத் தோண்டித் தேடி எழுதியவர். அவருக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணும் தெரிவாகவில்லை, இன்றைக்கும் எங்கள் ஐந்து எம்பிமாரும் ஆண்கள். தொலைக்காட்சியிலும் அதே கதைதான். அமெரிக்காவில் 'மீட் த பிரஸ்' என்ற அரசியல் நிகழ்ச்சி 1947இலிருந்து நடக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரும் முதல் நெறியாளரும் மார்த்தா ரவுண்ட்ரீ என்ற பெண். 1953இல் அவர் விலகினார். அடுத்ததாக ஒரு பெண், கிறிஸ்டன் வெல்கர், நிரந்தர நெறியாளராக வந்தது 2023இல். பெண் தொடங்கிய இடத்துக்கே இன்னொரு பெண் வர எழுபது வருடம்!

மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். பிபிசியில் ரோஸ் அட்கின்ஸ் என்ற செய்தியாளர் 2017இல் தன்னுடைய நிகழ்ச்சியில் ஒரு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்தவுடன் குழுவே உட்கார்ந்து எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணி எழுதி வைத்தது. சில நிமிட வேலை. நாலு மாதத்தில் பெண்களின் பங்கு 39 வீதத்திலிருந்து 50 ஆனது. எல்லாரையும் எண்ணவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பிரதமர் ஆண் என்றால் அதற்கு அந்தக் குழு என்ன செய்யும்? செய்தியில் தவிர்க்க முடியாத ஆட்களை விட்டுவிட்டு, தாங்களே தேர்ந்தெடுக்கிற ஆட்களை மட்டும் எண்ணினார்கள்.

எங்களுக்கும் அது பொருந்தும். மட்டக்களப்பு எம்பி வேண்டுமென்றால் ஆண்தான் கிடைப்பார், அது தயாரிப்பாளரின் குற்றம் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருக்கிற சட்டத்தரணி, விரிவுரையாளர், பத்திரிகையாளர், சங்கத் தலைவர், இவர்களைத் தெரிவு செய்வது அவருடைய கையில்தான் இருக்கிறது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, நீதிமன்றங்களில் பெண் சட்டத்தரணிகள் நிற்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வருடக்கணக்காகத் தெருவில் நிற்கிற அம்மாமாருக்கு அரசியல் தெரியாதென்று யார் சொல்லுவார்கள்? அவசரத்துக்குப் போனை எடுத்தால் போன கிழமை வந்த அதே ஆணின் நம்பர் மேலே இருக்கிறது, அதையே அழுத்துகிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது.

உங்கள் நண்பனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள் தம்பி. கடைசியாக வரமாட்டேன் என்ற பெண்ணுக்கு எத்தனை மணிக்குப் போன் எடுத்தார், முன்கூட்டியே கேள்வியைச் சொன்னாரா, கீழே வந்த தூசணங்களை அழிக்க ஒரு ஆளை வைத்தாரா? அவர் மனம் வைத்தால், உங்கள் கடிதத்தைப் படுவான்கரை அக்காவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன் என்றும் சொல்லுங்கள். "ரெண்டு நாளைக்கு முதல் சொல்லட்டும், யானை வேலியைக் கேட்கட்டும், நான் வாறன்" என்றார். நம்பர் தரவும் சம்மதம். தனியாக எழுதுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா