இமையில் ஒரு துளி: ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ பற்றிய கேள்வி பதில்

ஷேக்ஸ்பியர் 1595–96 வாக்கில் எழுதிய இந்த நகைச்சுவை நாடகத்தில் வரும் காதலும் மந்திரமும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தேர்வுக்கான கட்டுரைக் குறிப்புகள் வேண்டும் என்று எழுதியவர்கள் தங்கள் ஆசிரியர்களை அணுகுவதே நல்லது.

கேள்வி: நாடகத்தை நான் படித்ததில்லை. மந்திரம் எந்த இடத்தில் வருகிறது?

பதில்: ஏதென்ஸ் நகரத்துப் பெண் ஹெர்மியா லைசாண்டரைக் காதலிக்கிறாள், தந்தை எஜியஸோ அவளை டிமீட்ரியஸுக்குத்தான் கொடுப்பேன் என்கிறார். தந்தை சொல்லை மீறும் மகளுக்கு மரணம் அல்லது ஆயுள் முழுவதும் கன்னித் துறவு என்பது அந்த நகரத்துச் சட்டம். காதலர் இருவரும் காட்டுக்குள் ஓடுகிறார்கள். அவர்களைத் தேடி டிமீட்ரியஸும், அவனையே நினைத்து உருகும் ஹெலினா அவன் பின்னாலும் வருகிறார்கள். அதே காட்டில் வனதேவதைகளின் அரசன் ஓபரானும் அரசி டைட்டானியாவும் ஒரு சிறுவன் காரணமாகப் பிணங்கியிருக்கிறார்கள். ஓபரானின் ஏவலாளான பக் என்னும் குறும்புப் பூதம் ஒரு மலரைக் கொண்டுவருகிறது. உறங்குபவரின் இமையில் அதன் சாற்றைப் பிழிந்தால், விழித்ததும் முதலில் கண்ணில் படும் உயிரின்மீது காதல் பித்தேறிவிடும். இமையில் பிழிகிறார்கள் என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கக் கதைகளைப் படித்துவிட்டு இதைப் பானம் என்று எழுதுகிறவர்கள் பலர்.

கேள்வி: அப்படி ஒரு மலர் உண்மையில் உண்டா?

பதில்: உண்டு. ஐரோப்பாவில் தானாக வளரும் காட்டுப் பான்சிச் செடிதான் அது. மேற்குத் திசையில் அரியணை வீற்றிருந்த ஒரு கன்னியைக் குறிவைத்து மன்மதன் விட்ட அம்பு தவறி விழுந்ததால் பால்வெள்ளைப் பூ ஊதாவாகிவிட்டது என்கிறான் ஓபரான். அந்தக் கன்னி எலிசபெத் அரசி என்பதே பெரும்பாலோர் கருத்து. செடியை வாங்கி வளர்க்கலாம். வசியம் மட்டும் நடக்காது.

கேள்வி: பக் வேண்டுமென்றேதான் ஆளை மாற்றினானா?

பதில்: இல்லை. ஹெலினாவை வெறுக்கும் டிமீட்ரியஸின் இமையில் சாற்றைப் பிழியச் சொல்கிறான் ஓபரான்; பக்கோ லைசாண்டரின் இமையில் பிழிந்துவிட, விழித்ததும் அவன் ஹெலினாமேல் காதல் கொள்கிறான். அடையாளமாக ‘ஏதென்ஸ் நகரத்து உடையால் அவனை அடையாளம் காண்பாய்’ என்பதற்கு மேல் ஓபரான் எதுவும் சொல்லவில்லை. காட்டில் அந்த உடையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். பிழையைத் திருத்த, பிறகு டிமீட்ரியஸின் இமையிலும் ஓபரான் சாற்றைப் பிழிகிறான். பிழை நேர்ந்த பிறகு பக் அதை வெகுவாக ரசிக்கிறான் என்பது வேறு செய்தி.

கேள்வி: சாற்றால் வரும் காதலைக் காட்டுவதன் மூலம் ஆசிரியர் உண்மைக் காதலைக் கொச்சைப்படுத்தவில்லையா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். மந்திரம் காட்டில் தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம்; ஆனால் முதல் காட்சியிலேயே, எந்த மலரும் மேடைக்கு வருவதற்கு முன்பே, தன் மகளின் நெஞ்சை லைசாண்டர் மயக்கிவிட்டான் என்று எஜியஸ், ஏதென்ஸின் கோமகன் (டியூக்) தீசியஸிடம் முறையிடுகிறார். தடயங்களையும் அடுக்குகிறார்: கவிதைகள், நிலவொளியில் சாளரத்தடியில் பாடிய பாட்டு, தலைமயிரில் பின்னிய கைவளை, மோதிரங்கள், இனிப்புகள். ‘என் தந்தை என் கண்களால் பார்த்தால் என்ன’ என்று ஹெர்மியா ஏங்க, ‘உன் கண்கள்தான் அவருடைய அறிவைக் கொண்டு பார்க்க வேண்டும்’ என்று தீசியஸ் திருத்துகிறான். யாருடைய கண் யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கு அங்கேயே தொடங்கிவிட்டதால், பிறகு சாறு கண்ணில் விழுவது தற்செயல் அன்று.

அடுத்ததாக, டிமீட்ரியஸ் முதலில் காதலித்தது ஹெலினாவை. அவளை விட்டு ஹெர்மியாவிடம் அவன் மனம் தாவியபோது யாரும் அவன் இமையில் எதையும் பிழியவில்லை. காட்டில் சாறு செய்வதெல்லாம், ஊருக்குள் சாறில்லாமலே நடந்ததை ஓர் இரவுக்குள் வேகமாக நடத்திக் காட்டுவதுதான். அதிலும் மிக நுட்பமான இடம் லைசாண்டர் விழிக்கும் இடம். மயக்கத்தில் கிடப்பவன் உளறுவான் என்று எதிர்பார்ப்போம். அவனோ ஹெலினாவிடம், மனிதனின் விருப்பத்தை அறிவே ஆள்கிறது, நீயே மேலானவள் என்று என் அறிவு சொல்கிறது என்று தருக்கம் பேசுகிறான். நேர்மாறாக, கழுதைத் தலை பொருத்தப்பட்ட நெசவாளி பாட்டம், தன்மேல் காதல் கொண்ட டைட்டானியாவிடம், அறிவும் காதலும் இக்காலத்தில் அதிகம் சேர்ந்து பழகுவதில்லை என்கிறான். அந்தக் காட்டில் தெளிவாகப் பேசியவன் கழுதைத் தலையன்தான். கொச்சைப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. காதலைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களைத்தான் நாடகம் கேலி செய்கிறது.

கேள்வி: சாற்றைக் குடித்தபின் அதன் வேகம் எவ்வளவு நேரம் இருக்கும்?

பதில்: யாரும் குடிக்கவில்லை.

கேள்வி: எப்படியும் முடிவில் மந்திரம் எல்லாமே நீங்கிவிடுகிறதே, பிறகு என்ன?

பதில்: எல்லாமே நீங்கவில்லை. லைசாண்டரின் கண்ணிலும் டைட்டானியாவின் கண்ணிலும் மாற்று மூலிகை படுகிறது. டிமீட்ரியஸின் கண்ணில் படுவதே இல்லை. அவன் மந்திரம் இறங்காமலேதான் மணமேடை ஏறுகிறான்.

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை, ஐயா. அவனுடைய பழைய காதலைத்தானே சாறு மீட்டுத் தருகிறது? நோயில் உணவை வெறுத்தவன் நலமானதும் பழைய சுவைக்குத் திரும்புவதுபோல் ஹெலினாவிடம் திரும்பினேன் என்று அவனே சொல்கிறான்.

பதில்: நல்ல வாதம். ஆனால் அதைச் சொல்லும்போதும் சாறு அவன் கண்ணில்தான் இருக்கிறது. மயக்கத்திலிருந்த லைசாண்டர் ‘அறிவு’ என்றான், மயக்கத்திலிருக்கும் டிமீட்ரியஸ் ‘நலம்’ என்கிறான். முன்னவனை நம்பாத நாம் பின்னவனை எப்படி நம்புவது? உங்கள் பக்கத்துக்கு இதைவிட வலுவான சான்று முதல் காட்சியில் இருக்கிறது. டிமீட்ரியஸ் ஹெலினாவின் மனத்தைக் கவர்ந்து கைவிட்டவன் என்று லைசாண்டர் சபையறியக் குற்றம் சாட்டுகிறான். டிமீட்ரியஸ் மறுக்கவில்லை, தானும் கேள்விப்பட்டதாகத் தீசியஸே ஒப்புக்கொள்கிறான்.

கேள்வி: ஆண்கள் இருவரின் மனத்தையே நீங்கள் ஆராய்கிறீர்கள். ஹெலினாவுக்கு இது தெரியுமா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவளுக்குத் தெரியாது. ஆனால் விழித்தெழுந்த காலையில் அவள் சொல்வது, டிமீட்ரியஸைக் கண்டெடுத்த நகைபோல் அடைந்திருக்கிறேன், அவன் எனக்குரியவன், எனக்குரியவன் அல்லாதவன் என்பதாகும். அதன் பிறகு ஐந்தாம் அங்கம் முழுவதிலும் ஹெலினாவுக்கும் ஹெர்மியாவுக்கும் ஒரு வரிகூடக் கிடையாது. பாட்டமும் அவனுடன் வந்த தொழிலாளர்களும் மணவிழாவில் பிரமஸ்–திஸ்பி என்னும் சோகக் காதல் நாடகத்தை நடிக்க, கணவன்மார் வாய் ஓயாமல் கிண்டல் செய்கிறார்கள், இந்த மனைவியர் இருவரும் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மௌனத்தை நிறைவாகவும் நடிக்கலாம், ஐயமாகவும் நடிக்கலாம். இதே பொருளில் இன்னும் பல கேள்விகள் வந்துள்ளன. முதல் அங்கத்தையும் நான்காம் அங்கத்தையும் படிக்காமல் எழுதப்பட்டவற்றுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

கேள்வி: டைட்டானியாவிடம் இருக்கும் இந்தியச் சிறுவன் யார்?

பதில்: அவளுடைய இந்தியத் தோழி ஒருத்தியின் மகன். கருவுற்றிருந்த தோழியும் அவளும் கடற்கரை மணலில் அமர்ந்து, காற்றால் பாய் புடைத்துச் செல்லும் வணிகக் கப்பல்களைப் பார்த்துச் சிரித்ததையும், அந்தத் தோழி தன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கப்பல்போல நடந்து காட்டியதையும் டைட்டானியா நினைவுகூர்கிறாள். மகப்பேற்றில் தோழி இறந்தாள்; அவளுக்காகப் பிள்ளையைத் தரமாட்டேன் என்கிறாள். நாடகத்தில் இதைவிட ஆழமான அன்பு எனக்குத் தென்படவில்லை, அதை வெல்லவே ஓபரான் சாற்றைப் பயன்படுத்துகிறான். மயக்கத்திலிருந்தபோது கேட்டேன், உடனே கொடுத்துவிட்டாள் என்று பின்னர் பெருமையாகவும் சொல்கிறான். இந்த மனிதர்களோடு தான் தரையில் உறங்கிக் கிடந்தது எப்படி என்று தெளிந்த டைட்டானியா கேட்கிறாள். விடையை நாம் கேட்பதற்குள் இருவரும் மேடையை விட்டுப் போய்விடுகிறார்கள். சிறுவனுக்கு மூலத்தில் வசனமும் இல்லை, வருகையும் இல்லை.

கேள்வி: தமிழில் மேடையேறியிருக்கிறதா?

பதில்: 2006இல் டிம் சப்பிள் இந்திய, இலங்கை நடிகர்களைக் கொண்டு இயக்கிய பன்மொழி மேடையேற்றத்தில் ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், சிங்களம் முதலிய மொழிகளும் ஒலித்தன. அது ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டிலும் நிகழ்ந்தது.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழுவிடம் பணம் இல்லை. மந்திரத்தை எப்படிக் காட்டுவது?

பதில்: 1970இல் ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக் வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த வெற்று மேடையில், மலருக்குப் பதிலாகக் கோலின் நுனியில் சுழலும் தட்டு ஒன்றை ஓபரானும் பக்கும் கைமாற்றுவதாக அமைத்தார். காடு, புகை, பச்சை விளக்கு எதுவும் தேவைப்படவில்லை. நீங்களும் வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். உறங்குபவரின் முகத்தை அவையோர் பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். இமையில் துளி விழுவது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். நான்காம் அங்கத்தில் டிமீட்ரியஸ் விழிக்கும்போது, அவனையும் அதே இடத்தில் அதே கோணத்தில் படுக்க வைத்துவிட்டு, ஹெலினாவை அவன் பார்வையில் நேராகப் படும்படி நிறுத்துங்கள்.