எபேசு வழியாகப் போகும் கப்பலும் ஒரே நுழைவு விசாவும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும் 68 வயது அம்மாவும் அக்டோபரில் 4 இரவுக் கப்பல் பயணம் போகிறார்கள். ஏதென்ஸ் பக்கம் ஏறி, மைக்கனோஸ், துருக்கியின் குசாடசி, பத்மு, ரோட்ஸ், கிரீட், சான்டொரினி பார்த்துவிட்டு ஏறிய இடத்துக்கே திரும்பவேண்டும். அம்மாவுக்கு, குசாடசி பக்கத்தில் இருக்கும் பழைய நகரமான எபேசையும் பத்மு தீவையும் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்பது பல வருட ஆசை. கப்பலுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. "ஏறிய துறைமுகத்திலேயே இறங்குவதால் ஒரே நுழைவு ஷெங்கன் விசா போதும், துருக்கிக்கு எதுவும் வேண்டாம்" என்கிறாராம் டிராவல் ஏஜென்ட். (ஷெங்கன் என்பது கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா ஏற்பாடு, துருக்கி அதில் இல்லை. ஒரே நுழைவு என்றால் அந்த எல்லைக்குள் ஒருமுறைதான் போகலாம்.) கப்பல் திங்கள் மதியம் 1 மணிக்குக் கிளம்புகிறது. அன்று காலை 7.20-க்கு ஏதென்ஸில் இறங்கும் விமானம் போதுமா? லண்டன் வழியாக மலிவாக ஒரு டிக்கெட் இருக்கிறது, அதை எடுக்கலாமா? அப்புறம், அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது, அது சிக்கலாகுமா?

முதலில் ஏஜென்ட் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அது தவறு. இதை நம்பிப் போனால் துறைமுகத்திலிருந்தே வீடு திரும்ப நேரும் என்பதால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன். ஏறிய இடத்திலேயே இறங்கினால் ஆவணம் குறைவாகப் போதும் என்ற பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒரே துறைமுகத்தில் தொடங்கி முடியும் சில கப்பல் பயணங்களில் அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் பிறப்புச் சான்றிதழோடு திரும்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. அது அவர்களுக்கானது. இந்திய பாஸ்போர்ட்டோடு ஐரோப்பா போகும் நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் கப்பலின் பாதையை விரலால் தொட்டுப் பாருங்கள். ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது ஷெங்கன் எல்லைக்குள் ஒருமுறை நுழைகிறீர்கள். மைக்கனோஸ் கிரீஸுக்குள்ளேயே இருக்கிறது. மறுநாள் காலை குசாடசி வந்ததும் கப்பல் ஷெங்கனை விட்டு வெளியே போய்விட்டது. அன்றே பத்முவுக்குத் திரும்பும்போது இரண்டாவது நுழைவு. ஒரே நுழைவு விசாவின் கணக்கு விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். குசாடசியில் இறங்காமல் அறையிலேயே இருந்துவிடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் இறங்காவிட்டாலும் கப்பல் எல்லை தாண்டிவிட்டதே. கப்பல் நிறுவனங்கள் பாதையில் உள்ள எல்லா நாடுகளுக்கும் ஆவணம் சரியாக இருக்கிறதா என்று ஏறும்போதே பார்க்கும். இல்லையென்றால் ஏற்றமாட்டார்கள், பணமும் பெரும்பாலும் திரும்பாது.

சென்னையில் விமானம் ஏறிவிட்டால் ஆபத்து தாண்டிவிட்டது என்றும் நினைக்கவேண்டாம். விமான கவுன்டரில் இருப்பவர் ஏதென்ஸ் வரை உள்ள விசாவை மட்டும் பார்ப்பார். அதற்குப் பிறகு துருக்கி வருவது அவருக்குத் தெரியாது. தெரிவது துறைமுக கவுன்டரில்தான். அங்கே கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்காது.

ஆகவே குறைந்தது இரண்டு நுழைவு, முடிந்தால் பல நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள். அதிக நாள் தங்குவது கிரீஸில் என்பதால் கிரீஸிடம்தான் கேட்கவேண்டும். விண்ணப்பத்தில் கட்டத்தை டிக் செய்தால் மட்டும் போதாது. கூட வைக்கும் கடிதத்தில் தேதி போட்டு எழுதுங்கள்: இந்த நாள் ஏதென்ஸ் நுழைவு, இந்த நாள் காலை குசாடசி, அன்றே பத்முவில் மறு நுழைவு, இந்த நாள் ஊர் திரும்புதல். கப்பல் நிறுவனம் தந்த பயண அட்டவணையை அதன் பின்னால் இணையுங்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் கணக்காகப் பயண நாட்களுக்கு மட்டும், ஒரே நுழைவாக விசா வருவது சாதாரணம். ஏன் இரண்டு வேண்டும் என்று பரிசீலிப்பவருக்கு ஒரே பார்வையில் புரியவேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், விசா விண்ணப்ப மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை உள்ள இடத்தைப் பாருங்கள். 01 என்றிருந்தால் ஒரு முறை. மல்ட் (MULT) என்றிருந்தால் பல முறை. மூன்று பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வேறாக வருவதும் உண்டு.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அக்டோபர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே கதவு திறந்திருக்கும். விதிப்படி 15 நாளில் முடிவு வரவேண்டும், ஆனால் 45 நாள் வரை நீளலாம். கோடையில் நேரம் குறித்துக்கொள்வதே பெரும்பாடு என்பதால் 3 மாதம் முன்பாவது கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முதல்முறை என்றால் மூவரும் நேரில் போய்க் கைரேகை தரவேண்டும். விசா வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கெட் எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுத் தாள் போதும்.

துருக்கி விஷயத்தில் ஏஜென்ட் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கப்பலில் வந்து துறைமுக நகரத்தையும் பக்கத்து ஊர்களையும் 72 மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டுப் போகிறவர்களை, துறைமுக அதிகாரிகளின் அனுமதியோடு விசா இல்லாமல் விடும் ஏற்பாடு துருக்கியில் உண்டு. ஆனாலும் நான் இ-விசா எடுத்துக்கொள்ளத்தான் சொல்வேன். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு ஒரு நுழைவு, 30 நாள் இ-விசா இணையத்திலேயே கிடைக்கும். ஷெங்கன் விசாவைக் காட்டித்தான் இதை வாங்கவேண்டும் என்பதால் வரிசை மாறக்கூடாது. போலித் தளங்கள் நிறைய. உண்மையான அரசுத் தளத்தின் முகவரி கவ் டாட் டிஆர் (.gov.tr) என்று முடியும், அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

72 மணி நேர ஏற்பாடு இருக்கும்போது ஏன் செலவு என்று கேட்பீர்கள். அந்த ஏற்பாடு கப்பலோடு ஒட்டியது. கப்பல் உங்களை விட்டுவிட்டால் அதற்கு மதிப்பில்லை. கப்பல் பயணத்துக்கு ஆவணம் தயார் செய்யும்போது நான் எப்போதும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் கப்பல் என்னை விட்டுப் போய்விட்டால், கையில் இருக்கும் காகிதத்தை வைத்து நான் சட்டப்படி அடுத்த ஊருக்குப் போக முடியுமா? எபேசில் அம்மாவுக்கு மயக்கம் வந்து குசாடசி மருத்துவமனையில் இரண்டு நாள் இருக்க நேர்ந்தது என்று வையுங்கள். இ-விசா இருந்தால் நிம்மதியாகத் தங்கி, இஸ்மிர் விமான நிலையம் போய், இஸ்தான்புல் வழியாக ஏதென்ஸ் வரலாம். ஷெங்கனில் இன்னொரு நுழைவு மிச்சம் இருந்தால் மட்டும்தான் அந்த விமானத்திலும் ஏற முடியும். இரண்டு விசாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

காப்பீட்டிலும் இதையே பாருங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பலர் அதற்கென்று விற்கும் மலிவான ஷெங்கன் பாலிசியை வாங்கி விசாவும் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் குசாடசி ஷெங்கனில் இல்லை. துருக்கியும், கப்பல் மருத்துவரின் செலவும், கப்பலைத் தவறவிட்டால் வரும் செலவும் அடங்கிய பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

இனி விமானம். காலை 7.20-க்கு இறங்கி மதியம் 1 மணிக் கப்பல் என்றால் நடுவில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இருப்பதுபோலத் தெரியும். கணக்குப் போட்டால் கரைந்துவிடும். ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் முகப்படமும் கைரேகையும் எடுக்கும் புதிய நுழைவு முறை தொடங்கியிருக்கிறது. முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று பதிய வேண்டும், இரண்டு மூன்று பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கினால் வரிசை நகராது. அப்புறம் பெட்டி, அப்புறம் துறைமுகம். கப்பலில் ஏறும் கவுன்டர் 1 மணிக்கு மூடுவதில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பட்டியலை முடித்துவிடுவார்கள். வளைகுடாவில் உங்கள் இணைப்பு விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே கதை முடிந்தது.

தவறவிட்டால் அடுத்த ஊரில் பிடிக்கலாமே என்று தோன்றும். உங்கள் பாதையில் அது கடினம். அன்று மாலையே மைக்கனோஸ் பறந்து போனால் பிடிக்க வாய்ப்பு உண்டு, அதுவும் கப்பல் நிறுவனம் நடுவில் ஏறச் சம்மதித்தால். அதை விட்டால் அடுத்தது துருக்கி. அதற்கடுத்த பத்முவிலோ விமான நிலையமே கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையிலோ மதியத்திலோ ஏதென்ஸ் போய்ச் சேருங்கள், ஓர் இரவு அறை எடுத்துத் தூங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரவெல்லாம் விழித்து வந்த அம்மாவை நேராகத் துறைமுக வரிசையில் நிறுத்துவதும் நியாயமில்லை.

அறை எடுப்பதற்கு முன் கப்பல் டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரைப் படியுங்கள். ஏதென்ஸ் என்று விளம்பரம் செய்தாலும் சில கப்பல்கள் பிரேயஸிலிருந்தும் சில லாவ்ரியோவிலிருந்தும் கிளம்புகின்றன. இரண்டும் நகரத்தின் வேறு வேறு திசைகளில் இருக்கின்றன. பிரேயஸ் என்றால் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே போய்விடலாம், எக்ஸ் 96 பேருந்து நாள் முழுவதும் ஓடுகிறது. லாவ்ரியோ ஏதென்ஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தென்கிழக்கே, அங்கே மெட்ரோ கிடையாது.

லண்டன் டிக்கெட்டை எடுக்கவேண்டாம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் ஹீத்ரோவில் விமானம் மாறுவதற்கு மட்டும் கூட பிரிட்டனின் டிரான்சிட் விசா எடுக்கவேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. சுற்றுலா ஷெங்கன் விசாவுக்கு அந்த விலக்கு கிடையாது, பலர் தடுக்கி விழும் இடம் இது. மூன்று பேருக்கு டிரான்சிட் விசா எடுத்தால் மிச்சம் பிடித்த பணம் போய்விடும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகலாம், விசா சிக்கல் இல்லை. ஆனால் ஷெங்கன் நுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும், ஆகவே இணைப்புக்கு 3 மணி நேரமாவது வையுங்கள், கப்பல் முன்பதிவைக் கையில் வைத்திருங்கள். எந்த வழியானாலும் சென்னையிலிருந்து ஏதென்ஸ் வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். இரண்டு தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுக்க இமிகிரேஷன் தாண்டவேண்டி வரும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

திரும்பும் நாளில் கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் உடனே இறங்கிவிட முடியாது. மதியம் 1 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள்.

அம்மாவின் பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் உள்ளது. குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் ஷெங்கனுக்கு அது தடையில்லை. ஆனால் விமான டிக்கெட், கப்பல் டிக்கெட், இ-விசா, காப்பீடு என்று ஒவ்வொரு படிவமும் அந்த இடத்தை ஒவ்வொரு மாதிரி நிரப்பச் சொல்லும், முடிவில் நான்கு விதமாக நிற்கும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து பொதுவாக அனுமதிப்பதில்லை. துபாயில் மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும்போது இணைப்பு தவறினால், வெளியே போய்த் தங்க முடியாமல் போகலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது, பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்துக் குடும்பப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டுண்டது, ஆகவே இதுதான் முதல் வேலை. அது கிடைத்ததும் கப்பல் முன்பதிவில் பெயரையும் எண்ணையும் திருத்தச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். உங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் திரும்பி வரும் நாளுக்குப் பிறகு 6 மாதமாவது செல்லுபடியாகிறதா என்று இப்போதே பாருங்கள்.

துறைமுக வாசலில் பெட்டியை வாங்கி அடுக்க ஆட்கள் நிற்பார்கள். அந்தப் பெட்டி மாலையில்தான் அறைக்கு வரும். பாஸ்போர்ட்டை அதற்குள் வைத்துக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட், இ-விசா அச்சுப்பிரதி, காப்பீடு, அம்மாவின் மாத்திரைகள் எல்லாம் தோள் பையில் இருக்கட்டும். சில கப்பல்களில் விசா தேவைப்படும் நாட்டவரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் விசா பக்கத்தின் நகல் உங்களிடம் இருக்கவேண்டும்.

கடைசியாக எபேசு. குசாடசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தனி டாக்ஸி மலிவாகக் கிடைக்கும், இருந்தாலும் கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்திலேயே போங்கள். அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், டாக்ஸிக்குக் காத்திருக்காது. மேல் வாசலில் இறக்கிக் கீழ் வாசலில் ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அப்படியென்றால் அம்மாவுக்கு ஏற்றமே வராது, பழைய சலவைக்கல் வீதியில் மெதுவாக இறங்கி வந்தால் போதும். அந்தக் கல் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுக் கூட்டிப் போங்கள்.