மூணாறா, மூன்னாரா?

கேள்வி: தேவிகுளம் வட்டத்து ஊர்ப் பெயர்களைப் பழைய நிலப்படங்களோடு ஒப்பிட்டுப் பட்டியல் எடுத்து வருகிறேன். ஒரே இடத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டல் இருக்கிறது. எதைச் சரியென்று கொண்டு மற்றவற்றைத் திருத்துவது?
– வாசகர், மூணாறு

பதில்: தயவுசெய்து எதையும் திருத்தாதீர்கள். பிரிட்டிஷ் நில அளவையாளர்களான வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தபோது, இந்தியப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஹண்டர் வகுத்த முறை பிறந்திருக்கவில்லை. அது 1870களில் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் உள்ள எழுத்துக்கூட்டலைப் படத்தின் ஆண்டோடு, ஓர் எழுத்தும் மாறாமல் படியெடுங்கள்.

உங்கள் ஊரையே பாருங்கள். மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பதால் பேச்சுத்தமிழின் ‘மூணு’ சேர்ந்து மூணாறு ஆயிற்று. மலையாளத்தில் ‘மூன்னு’ என்பதால் அங்கே ணகரம் இல்லை. ஈற்றில் வரும் சில்லெழுத்தோ (உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் மலையாள எழுத்து) ரகரத்துக்கும் றகரத்துக்கும் பொதுவானது. அதைப் பார்த்து மீண்டும் தமிழில் பெயர்ப்பவர் ‘மூன்னார்’ என்று எழுத, ஆறு மறைந்துவிடுகிறது. பெரியாறும் இப்படித்தான் ‘பெரியார்’ என்று அச்சாகி, நதி ஒரு பெரியவராகிவிடுகிறது. மாட்டுப்பட்டியை ‘மாட்டுப்பெட்டி’ என்று படித்தால், மாடு அடைக்கும் பட்டி என்ற பொருளே போய்விடும். இத்தகைய மறுபெயர்ப்புகளைத் தமிழ்ப் பெயர் என்று பதிய வேண்டாம். எந்தப் பலகையில், எந்த ஆவணத்தில் கண்டீர்கள் என்ற குறிப்போடு தனியே வையுங்கள்.

தமிழ் எழுத்துக்கும் குறை உண்டு. ககரம் ஒன்றே k, g என்ற இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், பெயரை எழுதினால் மட்டும் போதாது, கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். உடும்பன்சோலையை மலையாளம் பேசுவோர் ‘உடும்பன்சோல’ என்று முடிப்பதும் அவ்வூரின் வழக்கே. இரண்டையும் பதிய வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் முதியவர்களிடம் கேட்கும்போது, படத்திலுள்ள பெயரை நீங்கள் முதலில் வாசித்துக் காட்டாதீர்கள். மரியாதைக்காகவே ‘ஆமாங்க, அதுதான்’ என்று சொல்லிவிடுவார்கள். ‘அந்த ஓடைக்கு அப்பால் இருக்கும் மேட்டை என்னவென்று சொல்வீர்கள்?’ என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள். சொன்னவரின் வயதையும் தாய்மொழியையும், கேட்ட நாளையும், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். படத்தில் இருந்தும் எவர் நினைவிலும் இல்லாத பெயரை விட்டுவிடாமல், பேச்சு வழக்குக்கான கட்டத்தை வெறுமையாக வைத்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.