அயுத்தயாவில் மீதி எங்கே?

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு பாங்காக் போயிருந்தோம். நீங்கள் எப்போதோ எழுதிய ஞாபகத்தில் ஒரு நாளைத் தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு ஒதுக்கினேன். காலை ஏழு மணிக்கு வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். ஐந்து கோயில், ஒரு அரண்மனை. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். எங்கே பார்த்தாலும் செங்கல், தலையில்லாத புத்தர்கள். எதைக் கேட்டாலும் வழிகாட்டி ‘1767, பர்மாக்காரன்’ என்றே முடித்துக்கொண்டார். மூன்றாவது கோயிலில் என் மகள் வேனைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். முந்தைய நாள் பாங்காக்கில் பார்த்த வாட் போ கோயில் எவ்வளவு ஜொலிப்பு! நான் எதைத் தவறவிட்டேன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் மகள் கட்சி. அந்த வெயிலில் மூன்றாவது கோயிலுக்கு ஏசியைவிட்டு இறங்காத பிள்ளைக்கு விவரம் இருக்கிறது. நானும் முதல் தடவை இப்படி ஒரு வேனில்தான் போனேன். சாப்பாடு உட்பட என்றார்கள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கூடத்தில் பத்து வேன் கூட்டமும் ஒரே பஃபே வரிசையில் நின்று, ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய், கடைசியில் நான் ஆசைப்பட்டு வந்த வாட் ராட்சபுரணாவுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. உங்கள் பட்டியலில் இருந்த அரண்மனை பாங் பா இன் என்றால், அங்கே இப்போது நிற்பதில் பெரும்பகுதி தாய்லாந்து அரசர் ஐந்தாம் ராமா 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பார்க்க அழகு, ஆனால் அன்றைக்கு உங்களுக்குத் தேவைப்படாத அழகு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அயுத்தயாவில் இல்லாததில் ஒரு பங்கை நீங்கள் முந்தைய நாளே பாங்காக்கில் பார்த்துவிட்டீர்கள். வாட் போவில் எடுத்த படங்களில் பச்சை ஓடு பதித்த ஒரு பெரிய சேதி (தூபி) இருக்கும், பாருங்கள். அயுத்தயா அரண்மனைக் கோயிலான வாட் ப்ரா சி சன்பெத்தில் (மூன்று மணி வடிவச் சேதிகள் வரிசையாக நிற்குமே, அதே இடம்) 1500 வாக்கில் வார்த்து நிறுத்திய, 16 மீட்டர் உயரத்தில் தங்கத் தகடு போர்த்திய புத்தர் ஒருவர் இருந்தார். 1767-இல் அயுத்தயாவைப் பிடித்து அழித்த பர்மியப் படை தங்கத்துக்காகத் தீ மூட்டி அவரை உருக்கியது. எஞ்சிய உடலை, பின்னால் வந்த அரசர் முதலாம் ராமா பாங்காக்குக்குக் கொண்டுவந்து, அந்தப் பச்சைச் சேதிக்குள் வைத்து மூடிவிட்டார். அதோடு நிற்கவில்லை. 1782-இல் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது அயுத்தயாவின் மதில் செங்கல்களையே பெயர்த்து ஆற்று வழியாகக் கொண்டுபோய்ப் புது நகரைக் கட்டினார்கள். ஆக, அந்த ஊரின் வெறுமையில் தாய்லாந்துக்காரர்கள் பங்கும் இருக்கிறது.

வழிகாட்டி பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திவிட்டார். புத்தர்களின் தலையும் அப்படித்தான். எல்லாவற்றையும் பர்மியப் படை வெட்டவில்லை, பழம்பொருள் சந்தைக்காக 20-ஆம் நூற்றாண்டு வரை ராத்திரியில் வந்து அறுத்துக்கொண்டு போனவர்கள் நிறைய. உலகத்தில் யார் யார் வீட்டு வரவேற்பறையிலோ அவை இருக்கின்றன. வாட் மஹாதாட்டில் வேர்களுக்குள் சிரிக்கும் அந்த ஒரு தலை, அதன் முன்னால் குத்துக்காலிட்டுத்தான் படம் எடுக்க விடுகிறார்கள், நம் தலை அதற்கு மேலே போகக்கூடாதாம்.

வாட் ராட்சபுரணாவை உங்களுக்குக் காட்டினார்களா என்று எழுதவில்லை. அரசர் இறந்ததும் மூத்த மகன்கள் இருவர் யானைமேல் ஏறிச் சண்டையிட்டு இருவருமே செத்தார்கள், மூன்றாமவர் அரியணை ஏறி 1424-இல் அந்த அண்ணன்களுக்காகக் கட்டிய கோயில் அது. நடுக் கோபுரத்துக்குள் செங்குத்தான படியில், கூரை தலையில் இடிக்கக் குனிந்து இறங்கினால் ஒரு சின்ன அறை, புழுக்கம், சுவரில் மங்கிப்போன ஓவியம். வேறொன்றும் இல்லை. 1957-இல் திருடர்கள் அந்த நிலவறையைத் தோண்டித் தங்கத்தை அள்ளினார்கள், சிலர் பிடிபட்டார்கள், அப்புறம் தொல்பொருள் துறை இறங்கி மிச்சத்தை எடுத்தது. கல் பதித்த ஒரு குட்டித் தங்க யானை, அரச வாள் எல்லாம் பக்கத்திலேயே சாவ் சாம் ப்ரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே கிடைத்த சின்னச் சின்ன புத்தர் தகடுகளை நன்கொடையாளர்களுக்குக் கொடுத்துத் திரட்டிய பணத்தில் கட்டியதுதான் அந்த அருங்காட்சியகம். முதலில் அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலி அறைக்குள் இறங்க வேண்டும். வேன் பயணங்களில் பெரும்பாலும் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

அயுத்தயாவின் மீதியில் இன்னொன்று இலங்கையின் கண்டியில் இருக்கிறது. அங்கே முறையாக உபசம்பதா (முழுத் துறவுத் தீட்சை) பெற்ற பிக்குகளே இல்லாமல் போனபோது, மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அயுத்தயாவிடம் கேட்டார். டச்சுக்காரர் உதவியோடு கடல் கடந்து வந்த உபாலி தேரர் 1753-இல் அங்கே மறுபடி தீட்சை கொடுத்துவைத்தார். அப்படி உருவான பிக்குகள் பிரிவுக்குச் சியாம் நிகாயம் என்ற பெயர் அதனால்தான், சியாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். பதினான்கு வருடத்தில் அயுத்தயா விழுந்துவிட்டது.

மறுபடி போனால் ரயிலில் போங்கள். ஸ்டேஷன் எதிரே நடந்து படகில் ஆற்றைக் கடந்தால் வாடகை சைக்கிள் கிடைக்கும். அருங்காட்சியகம், ராட்சபுரணா, சாயங்காலம் ஆற்றங்கரையில் வாட் சைவத்தனாராம், இவ்வளவு போதும். மகளுக்கு ரோட்டி சாய் மாய் வாங்கிக் கொடுங்கள். மெல்லிய ரொட்டி ஒரு பையில், நூல்நூலாய்ப் பஞ்சுமிட்டாய் இன்னொரு பையில் தருவார்கள், நாமே சுருட்டிக்கொள்ள வேண்டும். அதற்காவது இறங்குவாள்.