பழைய மிக்ஸிங் கன்சோலுக்கு சர்க்யூட் டயகிராம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: வியாசர்பாடியில் சின்னதாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். பெரும்பாலும் கானா பாடல்கள்தான். மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து 16 சேனல் சவுண்ட்கிராஃப்ட் அனலாக் கன்சோல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பவர் சப்ளை தனிப் பெட்டி. மூன்று சேனலில் சத்தமே வரவில்லை, ஒரு சேனலில் ‘ம்ம்ம்’ என்று ஹம். மெக்கானிக் அண்ணன், “சர்க்யூட் டயகிராம் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன்” என்கிறார். நெட்டில் தேடினால் யூசர் மேனுவல்தான் கிடைக்கிறது. எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: மெக்கானிக் கேட்பது நியாயம்தான். ஆனால் சத்தம் வராத சேனல்களுக்கு டயகிராம் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதை முதலில் முடித்துவிடுங்கள். சேனலில் ‘இன்சர்ட்’ என்று ஒரு ஜாக் இருக்கும். அதில் பிளக் எதுவும் சொருகாதபோது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கான்டாக்ட் வழியாகத்தான் சிக்னல் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மட்டுமில்லை, உங்கள் பக்கம் வரைக்கும் கடலின் உப்பு ஈரம் வருகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத கான்டாக்ட் கறுத்துப்போய், சிக்னலை விடாது. ஒரு ஸ்டீரியோ பிளக்கின் டிப்பையும் (நுனி) ரிங்கையும் (நடு வளையம்) சின்ன வயரால் இணைத்து சால்டர் வைத்து, இன்சர்ட்டில் சொருகிப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் கோளாறு ஜாக்கில்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை 20 தடவை சொருகி எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜாக்கை மாற்றுங்கள். சென்ட் (சிக்னல் வெளியே போவது), ரிட்டர்ன் (திரும்பி வருவது) இரண்டும் தனித்தனி ஜாக்காக உள்ள கன்சோலில் நடுவே ஒரு பேட்ச் கேபிள் போட்டால் போதும்.

இனி டயகிராம். நீங்கள் தேடியது கன்சோலின் முகப்பில் இருக்கும் பெயரை வைத்து. கதவு எண் இல்லாமல் தெருப்பெயரை மட்டும் வைத்து வீடு தேடுவது போலத்தான் அது. ஒரே மாடல் பெயரில் கம்பெனிகள் பல வருடம் விற்றன, உள்ளே போர்டுகள் மாறிக்கொண்டே வந்தன. டிரைடென்ட் கம்பெனியின் சீரீஸ் 80, 80பி, 80சி கன்சோல்கள் மூன்றில் ஒன்றின் படம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. நீவ் கம்பெனியின் 1073 என்ற சேனல் மாட்யூலைத் திறந்தால் உள்ளே பிஏ283 போன்ற சிறு கார்டுகள் இருக்கும், அவற்றுக்குத் தனித்தனிப் படம். எஸ்எஸ்எல் 4000 வரிசைக் கன்சோலின் பஸ் கம்ப்ரஸரை (மொத்த மிக்ஸின் சத்த ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) பழுது பார்ப்பவர்கள் கேட்பது 82இ27 என்ற கார்டின் படத்தைத்தான். ஆகவே தேட வேண்டியது போர்டு எண்ணை.

அதை எடுக்க, மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கிய சார்ஜ் இறங்க வேண்டும். பிறகு ஒரு சேனலைக் கழற்றுங்கள். தனியாகக் கழலாத அமைப்பு என்றால் அடித்தட்டைத் திறங்கள். எண் பெரும்பாலும் பிசிபியின் (சர்க்யூட் போர்டு) ஓரத்தில், சால்டர் பக்கத்துச் செம்பிலேயே பொறித்திருக்கும். ரிப்பன் கனெக்டருக்கு அடியில் ஒளிந்தும் இருக்கும். கூடவே ‘இஷ்யூ’ அல்லது ‘ரெவ்’ என்ற சொல்லோடு ஒரு எண்ணோ எழுத்தோ இருந்தால் அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். படம் பொருந்துமா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. மாஸ்டர் போர்டு, மீட்டர் போர்டு, பவர் சப்ளை போர்டு ஆகியவற்றின் எண்களும் வேண்டும். ஐசி மேல் நான்கு இலக்கம் தனியாக அச்சாகியிருக்கும். 8432 என்றால் 1984-ம் ஆண்டின் 32-வது வாரம். பல ஐசிகளில் அதே காலம் தென்பட்டால், கன்சோல் எந்தக் காலத்தது என்பது தெரிந்துவிடும்.

எங்கே தேடுவது? முதலில் கம்பெனி இன்று யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1973-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சவுண்ட்கிராஃப்டை 1988-ல் ஹார்மன் வாங்கியது. அமெரிக்காவின் எம்சிஐ 1982-ல் சோனிக்குப் போனது. ஸ்டூடர் 1994-ல் ஹார்மனுக்கும் 2021-ல் எவர்ட்ஸுக்கும் கைமாறியது. நீவுக்கு ஏஎம்எஸ் நீவ் இருக்கிறது. ஆலன் அண்டு ஹீத், யமஹா, டாஸ்கம் எல்லாம் இன்றும் இயங்குகின்றன. கம்பெனி தளத்தில் நிறுத்தப்பட்ட மாடல்களுக்கான பகுதியைப் பார்த்துவிட்டு, இன்டர்நெட் ஆர்கைவ், எலெக்ட்ரோடான்யா போன்ற இலவசக் களஞ்சியங்களுக்குப் போங்கள். தேடும்போது ‘யூசர் மேனுவல்’ என்று போடவே வேண்டாம். ‘சர்வீஸ் மேனுவல்’, ‘டெக்னிக்கல் மேனுவல்’, ‘ஸ்கீமேட்டிக்’ ஆகிய சொற்களைப் போர்டு எண்ணோடு சேர்த்துப் போடுங்கள். எண்ணை இடைவெளி விட்டு, விடாமல், நடுவில் கோடு போட்டு என மூன்று விதமாகவும் தேடுங்கள். ஸ்கேன் செய்தவர் எப்படிப் பெயர் வைத்தாரோ, யாருக்குத் தெரியும்? ஒரு கம்பெனி தன் போர்டை வேறு மாடலிலும் பயன்படுத்தியிருக்கலாம். அதனால் அக்கம்பக்கத்து மாடல்களின் மேனுவலையும் இறக்கிப் பாருங்கள்.

கிடைக்காவிட்டால் கம்பெனிக்கு மெயில் போடுங்கள். மாடல், சீரியல் எண், போர்டு எண், இஷ்யூ, போர்டின் ஒரு தெளிவான போட்டோ. அவ்வளவுதான், கதை வேண்டாம். “சர்வீஸ் கிடையாது” என்று பதில் வந்தாலும் அத்துடன் விட்டுவிடாதீர்கள். “சர்வீஸ் வேண்டாம், இந்த எண்ணுள்ள டிராயிங்கின் பிரதி மட்டும் போதும்” என்று மறுபடி கேளுங்கள். பணத்துக்கு பிடிஎஃப் விற்பவர்களும் உண்டு. இலவசமாகக் கிடைப்பதையே விற்கிறவர்கள் அதில் நிறைய. டிராயிங் எண் தெரிகிற பக்கத்தின் போட்டோவைப் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள்.

படம் கைக்கு வந்ததும் அது உங்கள் போர்டின் படம்தானா என்று சரிபாருங்கள். ஐசிகளின் எண்ணிக்கையும் வகையும் ஒத்துப்போக வேண்டும். கனெக்டரின் பின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். மைக் இன்புட்டைச் சுற்றி இருக்கும் பத்து ரெசிஸ்டர்களின் கலர் கோடுகளைப் படித்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே ஃபேன்டம் 48 வோல்ட்டுக்காக (கன்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியே போகும் பவர்) ஒரே மதிப்பில் ஒரு ஜோடி, பெரும்பாலும் 6.8 கிலோ ஓம், இருப்பதை எளிதில் பிடிக்கலாம். மதிப்புகளைப் படிக்கும்போது பிரிட்டிஷ் வழக்கத்தை நினைவில் வையுங்கள்: 4கே7 என்றால் 4.7 கிலோ ஓம், 2ஆர்2 என்றால் 2.2 ஓம், 4என்7 என்றால் 4.7 நானோஃபேரட். மங்கலான ஸ்கேனில் புள்ளி காணாமல்போய் 4.7 என்பது 47 ஆகிவிடும் என்பதால்தான் அப்படி எழுதினார்கள். பெரிய தாளை இரண்டாக மடித்து ஸ்கேன் செய்த பிரதிகளில் நடுக்கோட்டில் ஓடும் லைன்கள் விடுபட்டிருக்கும். ஏ4-ல் பிரிண்ட் எடுத்தால் கண்தான் வலிக்கும். கட்டட பிளான் பிரிண்ட் போடும் கடையில் ஏ2 அளவில் எடுங்கள்.

படமே கிடைக்கவில்லை என்றாலும் வேலை நிற்காது. உங்களிடம் ஒழுங்காக ஓடும் சேனல்கள் 12 இருக்கின்றன, எல்லாம் ஒரே சர்க்யூட். ஓடும் சேனலின் ஒவ்வொரு ஐசி காலிலும் டிசி வோல்ட்டேஜ் அளந்து எழுதி, ஓடாத சேனலில் அதே இடங்களில் அளந்து பாருங்கள். டிஎல்072, என்இ5532 போன்ற இரட்டை ஆப்-ஆம்ப்பில் (ஒரே ஐசிக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்) 8-வது கால் பிளஸ், 4-வது கால் மைனஸ், 1-ம் 7-ம் அவுட்புட். என்இ5534-ல் பிளஸ் 7, மைனஸ் 4, அவுட்புட் 6. அவுட்புட் கால் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அது பிளஸ் அல்லது மைனஸ் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஐசி அல்லது அதற்கு முன்னால் உள்ள பாகம் போய்விட்டது. ஒற்றை 24 வோல்ட்டில் ஓடும் பழைய நீவ் வகை டிரான்சிஸ்டர் கன்சோல்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. படம் வரைந்தே தீர வேண்டும் என்றால் ஒரு சேனல் போதும். போர்டின் இரண்டு பக்கத்தையும் நேர்மேலிருந்து போட்டோ எடுத்து, சால்டர் பக்கத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். முதலில் பிளஸ், மைனஸ், கிரவுண்ட் லைன்களுக்கு மூன்று கலர் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் சிக்னல் பாதை. அதை மல்டிமீட்டரின் பீப் வைத்து ஐசிக்கு ஐசி தொடருங்கள்.

எந்தப் படம் தவறினாலும் பவர் சப்ளையின் கனெக்டர் படம் தவறக்கூடாது. 48 வோல்ட் பின் ஐசிகளின் லைனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பின் மாறினால் கன்சோல் முழுக்க ஐசி போய்விடும். கன்சோலோடு இருக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளை பெட்டியை மட்டும் 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரீஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால் நேரடி மெயின்ஸில் கொடுத்து, ஒவ்வொரு பின்னையும் அளந்து எழுதுங்கள். டிஎல்072 தாங்கும் உச்சம் ±18 வோல்ட். பெட்டிக்குள் வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகி 20, 25 என்று காட்டினால் கன்சோலோடு இணைக்கவே கூடாது.

ஹம் வரும் சேனலுக்கு வருவோம். ஒரே ஒரு சேனலில் மட்டும் ஹம் என்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டாம். பல கன்சோல்களில் சேனலுக்குள் நுழையும் இடத்திலேயே பிளஸ், மைனஸ் லைன்களில் சிறு ரெசிஸ்டரும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் இருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் காய்ந்துபோவது சாதாரணம். மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, 8, 4-வது கால்களை நல்ல சேனலோடு ஒப்பிடுங்கள். இங்கே கூடுதலாகக் காட்டினால் அதே மைக்ரோஃபேரட்டில் 35 வோல்ட், 105 டிகிரி கெப்பாசிட்டர் போடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்தச் சேனலின் கிரவுண்ட் பின்னைச் சுத்தம் செய்யுங்கள்.

ரிச்சி தெருவுக்கு ஐசி வாங்கப் போகும்போது, “எல்லாத்தையும் 5532-ஆ மாத்திடுங்க, சவுண்ட் நல்லா இருக்கும்” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். டிஎல்072 ஒன்று சுமார் 3 மில்லியாம்ப் இழுக்கும், 5532 சுமார் 8. சேனலுக்கு ஐந்து ஐசி என்று வைத்தாலும் 16 சேனலுக்கு 0.4 ஆம்ப் கூடுதல் சுமை பவர் சப்ளைமேல் விழும். 5532-ன் இன்புட் கரண்ட் அதிகம் என்பதால் பாட் (திருகு குமிழ்) திருப்பும்போது கரகரப்பும் வரும். பழைய ஐசி எதுவோ அதையே வாங்குங்கள். அதிலும் போலி நிறைய வருகிறது. ஒன்றைப் போட்டு அளந்து பார்த்த பிறகு மீதியை மாற்றுங்கள்.