கம்ப்ரசரை மாற்றும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

"ஏர் சஸ்பென்ஷன் உள்ள என் பழைய எஸ்யூவி, ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் நாலு பக்கமும் தாழ்ந்து கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழும்புகிறது. இப்போது எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றாதீர்கள். குறைந்தது இந்த வாரம் மாற்றாதீர்கள். இதே பேச்சை நம்பி ஒரு கம்ப்ரசரை மாற்றி, 5 மாதத்தில் இன்னொன்றுக்கும் பணம் கட்டும் நிலைக்கு வந்தவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை.

நீங்களும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கியிருப்பீர்கள், வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாவது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வயதில் முதலில் விட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்க, சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் காற்றுப் பைகளின் மடிப்பு, குழாய் மூட்டுகள், எந்தப் பைக்குக் காற்று போக வேண்டும் என்று திறந்து மூடும் வால்வ் பிளாக்குக்குள் இருக்கும் ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), இப்படி. எங்கேயோ காற்று கசிகிறது. கசிந்ததை ஈடுகட்ட, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடுகிறது. அது விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. நாள் முழுக்க ஓடவைத்தால் சூடேறி, உள்ளே பிஸ்டன் சீல் தேயும். கூடவே இருக்கும் டிரையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குப்பி, ஊறிப்போகும். அந்த ஈரம் வால்வ் பிளாக்குக்குள் போய் அதையும் கெடுக்கும். கடைசியில் வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் 'கம்ப்ரசர் அதிக நேரம் ஓடுகிறது' என்ற பொருளில் ஒரு பிழைக் குறியீடு வரும். கம்ப்ரசரை மாற்று என்று அது சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் படித்துக் காட்டினார்கள்.

எனக்கு நடந்தது இது. புது கம்ப்ரசர் போட்டதும் வண்டி 'விசுக்' என்று எழும்பியது. சந்தோஷமாக இருந்தேன். நாலாவது மாதம், எஞ்சினை அணைத்த பிறகும் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஐந்தாவது மாதம் விளக்கு எரிந்தது. அதே பட்டறை, அதே பதில். இந்த முறை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நான் முதலில் செய்த தப்பு, ராத்திரி நிறுத்திக் காலையில் எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தது. நாலும் சமமாகத் தாழ்ந்திருந்தன. அப்படியானால் எல்லாப் பைகளும் போச்சா என்று பயந்துவிட்டேன். நிறைய வண்டிகளில் சஸ்பென்ஷனின் கண்ட்ரோல் யூனிட், அதாவது அதை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர், நடு ராத்திரியில் விழித்து, ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதன் மட்டத்துக்கு இறக்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கசிவைத் தேடுபவருக்கு அதுவே கண்ணைக் கட்டிவிடுகிறது.

ஆகவே சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். சமதளத்தில், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். காலையில் கதவைக்கூடத் திறக்காமல் திரும்ப அளங்கள். என் வண்டியில் மூன்று மூலைகள் அப்படியே இருந்தன. பின்பக்க இடது மூலை மட்டும் 45 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பையையோ அதன் குழாயையோ பாருங்கள். ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் எனக்கு வால்வ் பிளாக் மேல்தான் சந்தேகம் வரும்.

அப்புறம் சோப்பு நுரை. பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். குழாய் மூட்டில் தெளித்தேன், ஒன்றும் இல்லை. பையின் மேல்பக்கத்திலும் இல்லை. ஃபியூஸைத் திரும்பப் போட்டு, வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, என் மனைவி டார்ச் பிடிக்க, பை உள்ளே மடிந்து உருளும் இடத்தில் தெளித்தோம். ஒரு நிமிடம் எதுவும் தெரியவில்லை. பிறகு மடிப்பை ஒட்டி ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழும்பி, வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடாகச் சேர்ந்தன. ரப்பர் முழுக்க நரம்பு நரம்பாக வெடித்திருந்தது. சாதாரண உயரத்தில் அந்த இடம் மடிப்புக்குள் மறைந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஏர் சஸ்பென்ஷனையோ ஜாக்கையோ நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடாதீர்கள். சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் குனிய வேண்டும். டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் சுமாருக்கு. இந்தக் குழாய்களில் 10 பாரும் அதற்கு மேலும் இருக்கலாம். காற்றை இறக்காமல் எந்த மூட்டையும் கழற்றக் கூடாது.

பையை மாற்றினேன். அதே அச்சு, அதே வயது என்பதால் வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றினேன். கம்ப்ரசரைக் கழற்றி டிரையரைத் திறந்தால், மணிகளில் பாதி மாவாகிக் கிடந்தன. 5 மாதத்தில்! மணிகளைப் புதிதாக நிரப்பி, ரிலேயையும் மாற்றினேன். ரிலே, கம்ப்ரசருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச், சிறிய பொருள்தான். ஆனால் அதன் உள்முனை ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அதே கம்ப்ரசர்தான் ஓடுகிறது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கழற்றிய பழைய பாகத்தை ஏன் யாரும் திருப்பித் தருவதில்லை? முதல் கம்ப்ரசரை என் கையில் கொடுத்திருந்தால் அதன் டிரையரை அன்றைக்கே திறந்து பார்த்திருப்பேன். கேட்டபோது 'அது குப்பை சார், எதுக்கு' என்றார்கள். வாஷிங் மெஷின் போர்டு மாற்றியபோதும் இதே பதில், செல்போன் பேட்டரிக்கும் இதே பதில். குப்பையோ இல்லையோ, அது என் பொருள். அதைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. கேட்டால் திருடன் என்று சொல்லிவிட்டதுபோல முகம் சுளிக்கிறார்கள்.

கம்ப்ரசர் கெடவே கெடாது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கெடும். சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பேட்டரி வோல்டேஜ் மூன்றையும் முதலில் பாருங்கள். சூடேறித் தானாக நின்றிருக்கவும் கூடும், ஆறவிட்டுப் பாருங்கள். கசிவு எங்கும் இல்லை, கம்ப்ரசர் ஓடியும் வண்டி எழும்பவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். உயர சென்சாரின் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தாலும் வண்டி கோணலாக நிற்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 1998இல் வந்த லேண்ட் க்ரூசர் 100இல் சில வண்டிகளுக்கு இருப்பதுபோல உங்களுடையது எண்ணெயும் நைட்ரஜன் குடுவையும் உள்ள வகை என்றால், நான் சொன்னது எதுவும் பொருந்தாது.

'எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு காயில் ஸ்பிரிங் மாட்டு' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கும் மரியாதையுடன் சொல்கிறேன், அது உங்கள் விருப்பம். எனக்கு அந்த மிதப்பு வேண்டும். பின்னால் முழுப் பாரம் ஏற்றினாலும் மட்டமாக நிற்பது வேண்டும். ஒரு பையின் மடிப்பு வெடித்ததற்காக அதை விட மனசு வரவில்லை.

இன்றைக்கு ராத்திரியே ஃபியூஸைக் கழற்றி அளந்துவிடுங்கள். ராத்திரி எடுத்த நாலு எண்களையும் காலையில் எடுத்த நாலு எண்களையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.